ரேந்தைப் பணமும் பிடியரிசிப் பெட்டியும்: எல்லைச் சபைகளின் பெண்கள் சங்கங்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை வரை போகிற சாலையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) ஆலயங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். இவற்றில் மிகப் பல லண்டன் மிஷன் என்ற ஆங்கிலேய மிஷனரிச் சங்கத்தின் வழி வந்த சபைகள். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை இந்த மண்ணின் குறுக்கே விழுந்தது. 1959-இல் பேராயமும் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் வட்டம்) கன்னியாகுமரி, தென்கேரளம் என்று இரண்டாகப் பிரிந்தது. பெண்கள் சங்கத்துக்குக் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பெண்கள் ஐக்கிய சங்கம் என்று பெயர்; அந்தப் பக்கம், கேரளத்தில், ஸ்திரீஜன சக்யம். பெயர் வேறானாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே.

இங்கே ஆராய்கிற கேள்வி இது. இருநூறு ஆண்டுகளாக இந்தச் சபைகளின் பெண்கள் தங்கள் கையால் உழைத்த பணத்தைக் கொண்டு மிஷனரி ஊழியத்தைத் தாங்கி வந்திருக்கிறார்கள். அப்படித் தாங்கியவர்களுக்கு, யாரை அனுப்புவது, யார் பேசுவது, எங்கே செலவிடுவது என்று தீர்மானிக்கிற இடம் எப்போது கிடைத்தது, எப்போது கை நழுவியது? பதில் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பணம் சேர்த்த கையும் பணத்தை எடுக்கக் கையொப்பமிட்ட கையும் ஒன்றாக இருந்த இடங்களில் சமத்துவம் முன்னேறியது. இரண்டும் வேறான இடங்களில் பாராட்டுரை மட்டும் மிஞ்சியது.

முதல் கட்டம்: நாகர்கோவில் ரேந்தை

லண்டன் மிஷனின் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதே மிஷனின் சார்லஸ் மீட் 1818-இலும், சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-இலும் வந்து சேர்ந்தார்கள். அன்று இங்கே அடிமை முறை சட்டப்படியே இருந்தது. அது ஒழிந்தது 1855-இல். நாடார் பெண்கள் மேலாடை அணிவது தண்டனைக்குரிய செயலாக நடத்தப்பட்டது. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை அணியலாம் என்று இடம் கிடைத்தது. 1829-இல் ராணியின் அறிவிப்பு அதைச் சுருக்கியது. 1859 ஜூலை 26 அறிவிப்பு நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையைத் தந்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1820களின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் தம் பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இந்த ஊர்ப் பேச்சில் அது ரேந்தை. வயல் கூலியும் பனையேறியின் வீட்டு வேலையும் தவிர வேறு வருமானம் காணாத குடும்பங்களின் பெண்கள், உட்கார்ந்த இடத்தில் இருந்து காசு சம்பாதித்தார்கள். அந்தப் பணத்தில் தங்கள் அடிமை விலையைக் கொடுத்து மீண்ட பெண்களும் உண்டு. இந்த வரலாற்றைப் பேசுகிறவர்கள் மேலாடையைச் சொல்லிவிட்டு ரேந்தையை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ரேந்தைக்கு இன்னும் நீண்ட இடம் வேண்டும்.

வேலை எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால்தான் இதன் பொருளாதாரம் புரியும். வைக்கோல் இறுக்கி அடைத்த உருண்டைத் தலையணை ஒன்று. குண்டூசி ஆடாமல் நிற்க வேண்டும் என்பதால் அது கல்போல் கெட்டியாக இருக்கும். அதன்மேல் கோலத்துக்கு ஏற்பத் துளையிட்ட அட்டை. நூல் சுற்றிய சிறு கோல்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். ஒரு நேரத்தில் கையில் எடுப்பது இரண்டு ஜோடி, அதாவது நான்கு கோல். நடுவில் உள்ள இரண்டை ஒன்றன்மேல் ஒன்று மாற்றுவது குறுக்கு. ஒவ்வொரு ஜோடியையும் தனக்குள் திருப்புவது முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போட்டால் துணிபோல் அடர்த்தி வரும். குறுக்கு, முறுக்கு என்று நிறுத்தினால் வலைபோல் திறக்கும். பூவும் இலையும் விளிம்பும் இவற்றின் சேர்க்கையில்தான் உருவாகின்றன.

எங்கே கெடும்? குண்டூசியைச் சீக்கிரம் பிடுங்கினால் பின்னல் சுருங்கிக் கோலம் சரியும். இரும்பு ஊசி போட்டால் மழைக்காலத்தில் துரு ஏறி வெள்ளை நூலில் கறை விழும். பித்தளை ஊசி வேண்டும். கை வியர்த்தால் நூல் பழுப்பாகும். அதனால் பின்னிய பகுதியைத் துணியால் மூடி, பின்னுகிற விரற்கடை அகலம் மட்டும் திறந்து வைப்பார்கள். நூலின் இழுவை சீராக இல்லாவிட்டால் ஓரம் நெளியும், நெளிந்த ரேந்தைக்கு விலை இல்லை. நல்ல கண், கழுவிய கை, வெளிச்சமான திண்ணை, நாள்தோறும் சில மணி நேரம் தொந்தரவில்லாத இருப்பு. அன்றைய தென் திருவிதாங்கூரில் ஏழைப் பெண் ஒருத்திக்கு இந்த நான்கும் சேர்ந்து கிடைத்ததே பெரிய மாற்றம்.

விற்பனை மிஷனரி மனைவியர் வழியாக நடந்தது. வாங்கியவர்கள் இந்தியாவில் இருந்த ஐரோப்பியரும் கடல் கடந்தவர்களும். கூலி போக மிஞ்சிய லாபம் பெண்கள் பள்ளிக்கும், பிறகு பைபிள் வுமன் எனப்பட்ட பெண் ஊழியர்களின் சம்பளத்துக்கும் போனது.

இரண்டாம் கட்டம்: ரேந்தை அனுப்பிய பெண்கள்

பைபிள் வுமன் என்ற அமைப்புக்கு எல்லன் ரன்யார்ட் 1857-இல் லண்டனில் வடிவம் கொடுத்தார். திருவிதாங்கூருக்கு வந்தபோது அது இந்த மண்ணுக்கு ஏற்ப மாறியது. இங்கே அவர்களுக்கு ஊழியம் என்பது முதலில் எழுத்தறிவு. வீடு வீடாகப் போய், அடுப்படியிலும் புறத்திண்ணையிலும் உட்கார்ந்து, பெண்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்து, அந்தப் படிப்பு வழியாக வேதத்தைத் திறந்தார்கள். ஆண் உபதேசியார் நுழைய முடியாத வீடுகள் அவர்களுக்குத் திறந்தன. நாகர்கோவில் பக்கம் தமிழ், கொல்லம் பக்கம் மலையாளம், நடுவே பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இரண்டும் கலந்த பேச்சு. இங்கே பணி செய்தவளுக்கு இரு மொழியும் நாக்கில் இருக்க வேண்டியிருந்தது.

ஒரு பெண்ணின் விரலில் பிறந்த பணம் இன்னொரு பெண்ணை ஊர் ஊராக நடக்க வைத்தது என்பதுதான் இந்த நிகழ்வின் மையம். தொலைதூரத்து நன்கொடைக்குக் காத்திருக்காமல் உள்ளூரிலேயே சுழன்ற பணம் அது. மிஷனுக்கு உதவும் பெண்கள் என்று சொல்லிச் சொல்லி, அவர்களே மிஷனாக இருந்ததை மறைத்துவிட்டோம்.

ஆனால் குறையையும் சொல்ல வேண்டும். ரேந்தைக்கு விலை வைத்தது பின்னியவள் அல்ல. லாபத்தை எங்கே செலவிடுவது என்று முடிவெடுத்ததும் அவள் அல்ல. மிஷன் வீட்டு அம்மா முடிவெடுத்தார். பைபிள் வுமன் கற்பித்தாள், ஜெபித்தாள், நோயாளியின் பாயருகே உட்கார்ந்தாள். ஆனால் சடங்கு நடத்தும் அதிகாரம் அவளுக்கு வரவில்லை. கற்றுக்கொடுத்தவர்களின் அன்பை இதனால் மறுக்க முடியாது. ஆனால் அமைப்பு அப்படி வளர்ந்ததால், மிஷனரி அம்மா கப்பல் ஏறிய பிறகு அந்த நாற்காலி நேரே போதகரம்மாவுக்குப் போனது. பின்னிய பெண்ணுக்கு வரவில்லை.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்திய திருச்சபை உருவாகி, அதற்குள் பெண்கள் ஐக்கியம் அமைந்த பிறகும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. இன்றும் பல இடங்களில் பேராயரின் துணைவியாரே பேராய அளவில் தலைவி, போதகரின் துணைவியாரே சபை அளவில் தலைவி. அவர்களில் அரிய உழைப்பாளிகள் உண்டு. ஆனாலும் கணவரின் இடமாற்றத்தோடு தலைமை மாறுகிற சங்கத்தில் நீண்ட திட்டம் நிற்காது. ஐந்து ஆண்டுக்கு ஒரு மிஷனரியைத் தாங்குவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் புதிய தலைவியின் கீழ் அந்தப் பணம் ஆலயத் தரைக்கு டைல்ஸ் ஆகிறது.

மூன்றாம் கட்டம்: பிடியரிசி

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு உணவளித்த சாறிபாத் ஊர் விதவையிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும். பிடியரிசி எடுத்து வைக்கிற பெண்களுக்கு அந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. மிசோரத்தில் 1910-இல் பெண்கள் தொடங்கிய பிடியரிசி வழக்கம் அந்த மாநிலத் திருச்சபையின் மிஷன் பணிக்கே முதுகெலும்பானது. கேரளத்திலும் பிடியரி பழைய வழக்கம்தான். அங்கே 1919-இல் தொடங்கிய மார்த்தோமா திருச்சபையின் சுவிசேஷ சேவிகா சங்கம், பெண்களே மிஷன் பணியைக் கையில் எடுத்ததற்குப் பக்கத்து வீட்டு உதாரணம்.

முறை எளியது. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பெட்டியில் போடுவது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆலயத்துக்குக் கொண்டுவருவது. விற்று அல்லது ஏலம் விட்டு மிஷன் நிதியில் சேர்ப்பது. வளர்ந்த பெண்ணின் ஒரு பிடி சுமார் 40 கிராம். நாளைக்கு ஒரு பிடி என்றால் மாதம் 1.2 கிலோ. 60 வீடுள்ள சபையில் 35 வீடு ஒழுங்காகக் கொடுத்தால் 42 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,680, ஆண்டுக்கு 20,160 ரூபாய். சிறு தொகை போலத் தோன்றும். ஆனால் யாரிடமும் கேட்காமல், எந்தக் கணவரின் சட்டைப் பையையும் பார்க்காமல் வருகிற தொகை என்பதில்தான் அதன் பலம்.

இது கெடுகிற இடங்களை அடுக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான சங்கங்கள் இங்கேதான் தளர்கின்றன.

அரிசிக் கலப்பு முதல் தொல்லை. ஒரு வீட்டில் சம்பா, ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் பச்சரிசி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் வேகும் நேரம் ஒன்றுபோல் இராது, வாங்குகிறவர் பாதி விலை சொல்வார். ஆலய வாசலில் மூன்று சாக்கு வைத்துப் பிரித்தாலே போதும். அடுத்து வண்டு. ஒரு மாதம் பெட்டியில் கிடக்கும் அரிசியில், குறிப்பாக ஆனி, ஆடிச் சாரலில், வண்டு விழும். பெட்டியை வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு, இறுக மூட வேண்டும். மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது நல்லது.

ரேஷன் அரிசி விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பொது விநியோக அரிசியை மறுவிற்பனை செய்வது சட்டத்துக்குப் புறம்பானது; ஆலயத்துக்குக் கொடுத்ததாலும் ஏலம் விட்டதாலும் அது மாறாது. எல்லைப் பகுதியில் அரிசிக் கடத்தல் சோதனை எப்போதும் உண்டு. ரேஷன் அரிசி மட்டும் சமைக்கிற வீடுகளிடம் அரிசி வாங்காமல் வேறு எதையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்: ஒரு தேங்காய், இரண்டு முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டப் போகிற குடும்பங்கள் ஒரு நாள் கூலியில் ஒரு பங்கு கொடுக்கலாம். ஒன்றும் இல்லாத மாதத்தில் ஒன்றும் வேண்டாம். பெட்டி வாங்கப் போகிறவர் "மைனி, இந்த மாசம் இல்லேன்னா போகுது, பெட்டி இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கொடுக்காத வீட்டின் பெயரை ஆலயத்தில் வாசிக்கிற வழக்கத்தை இன்றோடு நிறுத்த வேண்டும். வெட்கத்தில் வருகிற காணிக்கை அடுத்த ஆண்டு ஆளையே காணாமல் அடிக்கும்.

ஏலத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அறுப்பின் பண்டிகையில் ஒரு குலை வாழை ஆயிரக்கணக்கில் போவது பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் ஏலத் தொகையைக் கடன் சொல்லிப் போகிறவர்கள் உண்டு. வராத கடனைக் கேட்கப் பெண்கள் தயங்குவார்கள், கணக்கில் ஓட்டை விழும். பெண்கள் சங்கத்தின் ஏலம் ரொக்கம் அல்லது அன்றே வங்கிப் பரிமாற்றம் என்ற ஒரே விதியோடு நடக்கட்டும்.

நான்காம் கட்டம்: பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது

எங்கள் கணிப்பில் முழுச் சிக்கலும் இங்கே குவிகிறது. மிஷன் நிதி என்று சேர்ந்த பணம் சபையின் பொதுக் கணக்கில் விழுந்தால், கட்டட வேலை தொடங்கிய மாதமே "கைமாற்று" என்ற பெயரில் வெளியேறும். கைமாற்று திரும்பி வராததற்குக் கெட்ட எண்ணம்தான் காரணம் என்றில்லை. கடனாக எழுதப்படாததுதான் காரணம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, சபைக் கமிட்டியின் ஒப்புதலோடு, மிஷன் நிதிக்குத் தனிச் சேமிப்புக் கணக்கு திறக்க வேண்டும். கையொப்பம் செயலாளர், பொருளாளர் இருவருக்கும். இருவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். பேராய விதி போதகரின் கையொப்பத்தைக் கேட்டால் அவரை மூன்றாமவராகச் சேர்க்கலாம். ஆனால் அவர் ஒருவரே எடுக்கும்படி இருக்கக் கூடாது. பதிவேட்டில் தேதி, வீட்டு எண், எடை, விற்ற விலை, வாங்கியவர், ரசீது எண் என்று ஆறு பத்தி. வீட்டுப் பெயருக்குப் பதில் எண் போட்டால் கொடுக்க முடியாதவரின் மானம் காப்பாற்றப்படும். எடை போடுகிறவரும் எழுதுகிறவரும் ஒருவராக இருக்க வேண்டாம். சபைக்குக் கடன் கொடுத்தே தீர வேண்டும் என்றால் தொகை, திரும்பும் தேதி, கமிட்டித் தீர்மான எண் மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாயும் போகக் கூடாது. மிஷன் நிதியைச் சீட்டுக்கோ சுய உதவிக் குழுக் கடனுக்கோ கேரளத்துப் பெண்கள் குழுக்களான குடும்பஸ்ரீ அயல்கூட்டச் சேமிப்புக்கோ சுழலவிடுவதும் கூடாது. அவை நல்ல அமைப்புகள்தான், ஆனால் அவற்றின் நட்டம் வேறு வகை.

விளவங்கோடு, நெய்யாற்றின்கரை வட்டங்களில் வளைகுடாப் பணம் வராத தெரு குறைவு என்பதால் இன்னொரு எச்சரிக்கை. வெளிநாட்டில் வேலை செய்கிற இந்தியக் குடிமகள் தன் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கக் கணக்கில் அதை வாங்கவே கூடாது. அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கி இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் வழி இல்லை. ஆகவே ரசீது எழுதும்போதே கொடுப்பவரின் குடியுரிமையைக் கேட்டுக் குறிக்க வேண்டும். கேட்பது கூச்சமாக இருக்கலாம். கேட்காமல் விட்டால் பேராயத்தின் பதிவுக்கே தொல்லை வரும்.

ஐந்தாம் கட்டம்: பீடத்தின் அருகே

பணத்தைத் தாங்களே நிர்வகிக்கத் தொடங்கிய சங்கங்களில் அடுத்த கேள்வி தானாகவே எழும்: அனுப்புகிறோம், தாங்குகிறோம், நாங்கள் ஏன் பேசக் கூடாது? அப்போது எடுத்துக் காட்டப்படுவது 1 கொரிந்தியர் 14:34, ஸ்திரீகள் சபையில் பேசாமலிருக்க வேண்டும் என்ற வசனம். அதே நிருபத்தின் 11:5-இல், பெண் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் எப்படி இருக்க வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். பேசவே கூடாது என்றால் அந்த அறிவுரைக்கு வேலையே இல்லை. இரண்டையும் ஒரே அமர்வில் வாசிக்க வைப்பது எந்த வாதத்தைவிடவும் பலன் தரும்.

தமிழ் வாசகருக்கென்று இன்னொரு சான்று இருக்கிறது. ரோமர் 16:1-இல் பெபேயாள் என்ற பெண்ணை நம் பழைய மொழிபெயர்ப்பு கெங்கிரேயா சபைக்கு "ஊழியக்காரி" என்கிறது. கிரேக்க மூலத்தில் அது தியாகோனோஸ். அதே சொல் பிலிப்பியர் 1:1-இல் சபைப் பொறுப்பாளர்களைக் குறிக்கும்போது "உதவிக்காரர்" ஆகிறது, 1 கொரிந்தியர் 3:5-இல் பவுலுக்கும் அப்பொல்லோவுக்கும் "ஊழியக்காரர்" ஆகிறது. ஆக, அந்த மொழிபெயர்ப்பு பெபேயாளுக்குப் பவுலுக்குக் கொடுத்த சொல்லையே கொடுத்திருக்கிறது. அடுத்த வசனத்தில் அவள் "அநேகருக்கும் எனக்குங்கூட ஆதரவாயிருந்தவள்". ஊழியத்துக்குப் பொருள் கொடுத்தவளும் சபையின் பொறுப்பில் இருந்தவளும் ஒரே பெண். லூக்கா 8:3-இல் யோவன்னாளும் சூசன்னாளும் மற்ற அநேகம் ஸ்திரீகளும் தங்கள் ஆஸ்திகளால் இயேசுவுக்கு ஊழியம் செய்தார்கள். பெண்கள் சங்கத்தின் வேதபாடத்துக்கு இந்த மூன்று பகுதிகளே ஒரு காலாண்டுக்குப் போதும்.

தென்னிந்திய திருச்சபை பெண்களை ஆயர்களாக அபிஷேகம் செய்கிறது. 2013 செப்டம்பரில் ஆந்திரத்தின் நந்தியாலில் புஷ்பலலிதா அத்திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனார். சட்டத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் பல சபைகளில் பெண்கள் ஞாயிறும் மார்ச் முதல் வெள்ளியின் உலக ஜெப நாளும் தவிர மற்ற நாட்களில் பெண் குரல் பிரசங்க பீடத்தில் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஒருநாள் பீடம் ஏறுகிறவருக்கு அனுபவம் சேராது. அனுபவம் இல்லை என்று சொல்லியே அடுத்த ஆண்டும் அந்த ஒருநாள்தான் கிடைக்கும். மாதம் ஒரு ஞாயிறு மிஷன் அறிக்கையைச் சங்கத்தின் பெண் ஒருவர் பத்து நிமிடம் பீடத்தில் நின்று வாசிப்பது நல்ல தொடக்கம். அனுப்பிய தொகை, ஊழியர் எழுதிய கடிதம், ஜெபக் குறிப்பு, ஒரு வேதப் பகுதி. அறிக்கை என்பதால் யாரும் மறுப்பதில்லை. ஆறு மாதத்தில் அந்தப் பத்து நிமிடத்தின் வேதப் பகுதி பிரசங்கமாக வளர்ந்துவிடும்.

எல்லைச் சபைகளில் மொழியையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். பாறசாலைப் பக்கம் வயதான பெண்கள் தமிழில் ஜெபிப்பார்கள், பள்ளிப்படிப்பு மலையாளத்தில் முடித்த மருமகள் தமிழ் எழுத்தை வாசிக்கத் திணறுவாள். அறிக்கையை மலையாளத்தில் மட்டும் எழுதினால் மாமியார் விலகுவார், தமிழில் மட்டும் எழுதினால் மருமகள் வரமாட்டாள். இரண்டு எழுத்திலும் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுத்து, வாசிப்பதை மாறி மாறி ஆளுக்கொரு மாதம் கொடுக்கலாம்.

பொறுப்பு மாறும் நாளையும் எழுதி வைக்க வேண்டும். தேர்தல் முடிந்த வாரமே தீர்மான நகலோடு வங்கிக்குப் போய்க் கையொப்ப மாற்றப் படிவம் கொடுத்து, பழைய காசோலைப் புத்தகத்தைத் திருப்பி ஒப்படைத்து, கணக்குப் புத்தகத்தையும் எடைத் தராசையும் மீதி இருப்பையும் இருவர் முன்னிலையில் எண்ணி வாங்கிய பிறகே புதிய பொருளாளர் பதிவேட்டில் தன் பெயரை எழுதலாம்.